ஒரு நாள் முழுக்க யாரும் தொடக்கூடாது

குளியலறைச் சுவரில் ஷவர் வால்வு மறுபடியும் ஆட ஆரம்பித்துவிட்டது. விழப்போகிற பால் பல்லைப் போல, தொட்டால் இந்தப் பக்கம் வந்தது, விட்டால் அந்தப் பக்கம் போனது. மருமகள் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். நம்பமாட்டாமல் இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தாள். பிறகு தலையில் ஷாம்பு நுரையோடு நின்றபடியே தன் தலையெழுத்தை நாலு சுவருக்கும் கேட்கும்படி திட்டித் தீர்த்தாள்.

ஏற்கெனவே இரண்டு தடவை சரிசெய்துவிட்டாள். இரண்டு தடவையும் விரலைக் கிழித்துக்கொண்டு, முதுகு ஒடிய நின்று, ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்துச் செய்த வேலை. அந்த வால்வுக்கு நன்றி என்ற ஒன்றே கிடையாது. கொஞ்ச நாள் நல்ல பிள்ளையாக இருக்கும். அப்புறம் ஆடும். ஆடினால் அதைச் சுற்றியிருக்கும் வட்டத் தகடு சுவரைவிட்டு விலகும். விலகின இடுக்கில் தண்ணீர் புகுந்து டைலுக்குப் பின்னால் இறங்கும். இறங்கின தண்ணீர் சும்மா இருக்குமா? சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது மருமகளின் படுக்கையறை. அங்கே அலமாரிக்குப் பின்னால் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. அவள் புடவைகளெல்லாம் நனைந்த சாக்கு வாசம் அடித்தன.

அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க ஊரார் கண்ணாடிக்கெல்லாம் கடுகளவு திருகாணியை முறுக்கிக் கொடுக்கிறவள் வீட்டில், கட்டைவிரல் தண்டி வால்வு ஆடுகிறது. யாரிடம் சொல்லி அழுவது?

வீட்டில் நாலு பேர். மாமனார், மாமியார், புருஷன், அவள். நாலு பேருக்கும் ஒரே குளியலறை. முதல் தடவை ஆடியபோதே அவள் விசாரணை வைத்துப் பார்த்துவிட்டாள். மாமனார், "நான் ரெண்டு விரலால திறந்து ரெண்டு விரலால மூடறவன்" என்றார். புருஷன், "அது பழசு, பழசுன்னா ஆடத்தான் செய்யும்" என்று தத்துவம் பேசினான். மாமியாருக்குக் கோபமே வந்துவிட்டது.

"எனக்கும் அந்த ஷவருக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் வாளியில தண்ணி பிடிச்சு, ஸ்டூல்ல உட்கார்ந்து, மொண்டு ஊத்திக் குளிக்கிறவ. அந்தக் கருமத்தை ஒரு நாளாவது திறந்திருப்பேனா?"

அது உண்மைதான். ஷவர் அடியில் நிற்பது ஆள்மேல் யாரோ மேலேயிருந்து துப்புவது மாதிரி என்று சொல்லி, இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து மாமியார் அதைத் திறந்ததில்லை. ஆகவே சந்தேகப் பட்டியலிலிருந்து முதலில் கழித்தது அவளைத்தான்.

மாமியாருக்கு அப்போது வால்வைப் பற்றி நினைக்கவும் நேரமில்லை. அவள் மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது. மகள் இருப்பது விமானம் ஏறிப் போகும் தூரத்தில். அங்கே போய் ஆறு மாதம் இருந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாமியார் உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மகள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"முட்டி நல்லா இருந்தா மட்டும் வாம்மா. இல்லாட்டி சிரமப்படாத. எங்க அத்தை வந்து பார்த்துக்கறேங்கறாங்க."

எங்க அத்தை என்றால் சம்பந்தியம்மாள். அந்தப் பேரைக் கேட்டதும் மாமியாரின் முட்டிவலி பறந்து போயிற்று. வீட்டில் தைலவாடை அடிப்பது நின்றது. மாடிப்படியில் சுவரைப் பிடிக்காமல் ஏறினாள், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால். "அந்தம்மாவுக்குப் பச்சைப்பிள்ளையைத் தூக்கத் தெரியுமா? கடைக்குப் போற பையைத் தூக்கற மாதிரி தூக்கும்" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொன்னாள். பழைய வேட்டிகளைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, குழந்தையைத் துடைக்கத் துண்டு துண்டாக அடுக்கினாள். காலை நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். அதுதான் அவளுடைய ஆசையெல்லாம். தன் இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் குளிப்பாட்டினாளாம், அதனால்தான் மகனுக்கு மண்டை உருண்டையாக இருக்கிறதாம். மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று மருமகள் கேட்கவில்லை.

மாமியார் போக வேண்டும் என்று மாமியாரைவிட அதிகமாக ஆசைப்பட்ட ஒரு ஜீவன் அந்த வீட்டில் உண்டு. அது மருமகள்தான். மறைப்பானேன்? ஆறு மாதம்! தன் கைப்பக்குவத்துக்கு உப்புப் போட்டுச் சமைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வெயில் முகத்தில் விழும்வரை படுத்திருக்கலாம். புருஷனிடம் ஒரு கேள்வி கேட்டால் புருஷனே பதில் சொல்வான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கண்ட பெரிய கனவு அது. அதனால் மாமியார் படியில் விறுவிறுவென்று ஏறும்போதெல்லாம், "அடேயப்பா, அத்தை என்னமா ஏறறீங்க!" என்று மருமகளும் தாராளமாகப் பாராட்டிவந்தாள்.

விமான டிக்கெட் எடுக்கும் பொறுப்பு புருஷனுடையது. பிளம்பரைக் கூப்பிடும் பொறுப்பும் அவனுடையதுதான். "டிக்கெட் என்னடா ஆச்சு?" என்று மாமியார் கேட்டால், "பார்த்துட்டே இருக்கேன்மா, விலை இறங்கட்டும்" என்பான். "பிளம்பர் என்ன ஆனான்?" என்று மருமகள் கேட்டால், "சொல்லியிருக்கேன், வந்துடுவான்" என்பான். டிக்கெட் விலை இறங்கவும் இல்லை, பிளம்பர் ஏறி வரவும் இல்லை. கடைசியில் அந்தப் பிளம்பரின் நம்பரை மருமகளே வாங்கிக் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலையில முதல் வேலை உங்க வேலைதான்க்கா" என்றான். எந்த ஊர் நாளையோ, அது விடியவே இல்லை.

சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மருமகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்றாம் தடவையாக உள்ளே இறங்கினாள்.

முதலில் தண்ணீரை மேலேயே அடைத்தாள். கைப்பிடியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கழற்றிக் கைப்பிடியை உருவினாள். வட்டத் தகட்டை எடுத்தாள். உள்ளே சுவரில் ஒரு பொந்து, பொந்துக்குள் பித்தளை வால்வு. போன தடவை அது அசையாமல் இருக்க மேலே ஒரு பட்டியைத் திருகி, கீழே ஒட்டுமாவு வைத்து அடைத்திருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல் பட்டியின் திருகு செங்கல் பொடியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. கீழே வைத்த மாவு நசுங்கி விரிந்திருந்தது.

"இது திருகித் திருகித் தளர்ந்தது இல்லை. யாரோ இதைப் பிடிச்சுத் தொங்கறாங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

கூடத்தில் செய்தித்தாள் ஒரு பக்கம் புரண்டது.

மாமியார் மட்டும் நாற்காலியை இழுத்துக் குளியலறை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை செய்கிறவர்களுக்கு ஒரு மேற்பார்வை வேண்டாமா? "உன் புருஷன்தான் துண்டை அதுல போடறான். துண்டு மேல பேண்ட்டைப் போடறான். பேண்ட்டுல பாதி வீட்டைப் போட்டு வச்சிருப்பான், சாவி, சில்லறைன்னு. கனம் தாங்குமா?" என்றாள். மருமகளுக்கும் அது சரியாகப் பட்டது. அந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

பொந்தைக் கழுவி, காயவிட்டு, இரண்டு பட்டி வைத்து, நீளத் திருகாகப் போட்டு முறுக்கினாள். ஒட்டுமாவைப் பிசைந்து உள்ளே திணித்து, ஒரு மரச்சிம்பையும் ஆப்பாக அடித்தாள். ஆட்டிப் பார்த்தாள். மலை மாதிரி நின்றது. தகட்டையும் கைப்பிடியையும் திரும்ப மாட்டினாள். பிறகு டைல் இடுக்குகளுக்கு வந்தாள். தொட்டி மூலை, தரையோரம், வால்வைச் சுற்றி என்று எல்லா இடத்திலும் பழைய சிலிகான் பசை கறுத்து, தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிளேடால் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட அழுக்கு வந்தது, கூடவே ஒரு நகமும் போயிற்று. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். இடுக்கின் இரண்டு பக்கமும் தாள் டேப் ஒட்டினாள். துப்பாக்கியில் சிலிகான் குழலை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நீவிவிட்டு, டேப்பை உரித்தாள். வெள்ளைக் கோடு, வெட்டி வைத்த மாதிரி நின்றது.

"அங்க கொஞ்சம் அதிகமாயிடுச்சு பாரு" என்றாள் மாமியார்.

"எங்க, அத்தை?"

"இங்கிருந்து பார்த்தா அப்படித் தெரியுது."

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இனி எஞ்சியிருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. சிலிகான் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். தண்ணீரும் படக்கூடாது, கையும் படக்கூடாது. முதல் தடவை அவள் பூசி முடித்துக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மாமனார் குளித்துவிட்டார். குளிக்காமல் அவருக்குச் செய்தித்தாளைத் தொட வராது. இரண்டாம் தடவை புருஷன். "ரெண்டே சொம்புதான் ஊத்திக்கிட்டேன், அதுவும் ஓரமா நின்னு" என்றான். சிலிகானுக்குத் தெரியுமா, எந்தச் சொம்பு யாருடைய சொம்பு என்று?

அதனால் இந்தத் தடவை கதவின் குறுக்கே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினாள். மூன்று பேரையும் கூடத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது. குளிக்கணும்னா பக்கத்து வீட்டுல கேட்டு வச்சிருக்கேன். போய்க் குளிங்க. குளிக்காட்டியும் யாரும் செத்துட மாட்டீங்க."

மாமனார் தோளில் துண்டோடு, சிறைக்குப் போகிறவர் முகத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் அவள் சமையலறையில் இருந்தபோது மாமியார் பின்னால் வந்து நின்றாள்.

"வேலையெல்லாம் சரிதான். ஆனா வாளி வைக்கிற மூலையில, தரையும் சுவரும் சேர்ற எடத்துல, ஊசி நுழையற அளவுக்கு விட்டிருக்க."

மருமகளுக்குக் கரண்டி கையில் நின்றது. "உள்ள போனீங்களா அத்தை?"

"கயித்தைத் தாண்டியா போனேன்? அவுத்துட்டுத்தான் போனேன். திரும்பக் கட்டிட்டேன். தண்ணியைத் தொடலை. சும்மா பார்த்துட்டு வந்தேன்."

தொடவில்லை என்றால் போகட்டும். வீட்டில் ஒருவராவது ஈரமில்லாமல் உள்ளே போய் வந்தார்களே என்று மருமகள் மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்த ஊசித்துளையை நாளைக்கு அடைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கயிற்றை அவிழ்த்து எட்டிப் பார்த்தாள். வால்வின்மேல் புருஷனின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அந்தத் துண்டை எடுத்தாள். அதற்குப் பின்னால் தகடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தகட்டின் ஓரத்தில் நேற்று நீவி நீவிப் பூசிய சிலிகானில் கட்டைவிரல் ஒன்று ஆழமாகப் பதிந்து இழுத்திருந்தது. அந்தப் பக்கம் நாலு விரல்கள், வரிசையாக. கீழே இருந்து மேலே பிடித்த கை.

"எல்லாரும் இங்க வாங்க!"

வந்தார்கள். புருஷன் பல் தேய்த்த வாயோடு வந்தான். மாமனார் செய்தித்தாளோடு வந்தார். மாமியார்தான் முன்னால் வந்தாள், எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! எவன் கையை வச்சது? அவ நேத்திக்கு நாள் பூரா நின்னு பூசினாளேடா! கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நான் துண்டைத்தான் போட்டேன். பழக்கதோஷம். கையை வைக்கலை" என்றான் புருஷன்.

"துண்டுக்கு விரல் இருக்கா?" என்றாள் மருமகள்.

"இவனை நம்பாத" என்றாள் மாமியார். "சின்ன வயசுலயே இவன் அப்படித்தான். நனைஞ்ச சிமெண்டுல காலை வைப்பான்."

புருஷன் சத்தியம் செய்தான். மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அதில் அவ்வளவு முக்கியமாக என்ன இருந்ததோ தெரியவில்லை. விசாரணை எந்தக் கரையும் ஏறாமல் போகவே, மருமகள் எல்லாரையும் விரட்டிவிட்டு சிலிகான் துப்பாக்கியோடு தனியாக உள்ளே போனாள். கெட்டது கெட்டுவிட்டது, மூலையில் இருக்கும் அந்த ஊசித்துளையையாவது அடைத்துவிடலாம் என்று வாளியை நகர்த்தினாள்.

நின்றுகொண்டு பார்த்தாள். துளை தெரியவில்லை. குனிந்து பார்த்தாள், தெரியவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கன்னம் தரையில் படும் அளவுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. மாமியார் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. ஊசி நுழையும் அளவுதான். இதைக் கண்டுபிடிக்க எத்தனை பாடுபட்டிருக்கிறாள், மகராசி! மருமகளுக்கு எரிச்சலும் வந்தது, ஒரு மாதிரி மலைப்பும் வந்தது. அடைத்துவிட்டு எழுந்திருக்கப் போனாள். வெறும் மூலை, பிடிக்க ஒன்றும் இல்லை. கை தானாக மேலே போயிற்று. போன இடத்தில் வால்வு இருந்தது.

அவள் கை அந்த விரல் தடங்களுக்கு மேலே அப்படியே நின்றது.

குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கப் பிடித்த கை. நேற்று மட்டுமா? தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறவள் எதைப் பிடித்து எழுந்திருக்கிறாள்? ஷவரைத் திறக்கத்தான் இல்லை. வால்வைக் கையால் பிடிப்பதில்லை என்று அவள் எப்போதுமே சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மருமகள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது கோபம். மூன்று தடவை! இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு லீவு! இப்போதே போய் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடலாம். அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. உடைத்தால் வால்வோடு போகாது. முட்டி சரியாகவில்லை என்று தெரிந்த நிமிஷமே புருஷன் தங்கைக்குப் போன் போடுவான். டிக்கெட் இல்லை. ஆறு மாதம் இல்லை. உப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை வெயில் இல்லை. சொல்லாமல் விட்டாலோ, இதே முட்டியோடு அந்தம்மாள் போய், பச்சைப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே எதைப் பிடித்து எழுந்திருப்பாள்? இந்த நியாயம் ஒரு பக்கம் இழுத்தது, அந்த ஆசை ஒரு பக்கம் இழுத்தது. ஆசைக்குத்தான் கை பலம் அதிகம்.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்று புருஷன் வாசலில் வந்து நின்றான். பின்னால் மாமியாரும் வந்தாள்.

"நான்தான்" என்றாள் மருமகள். "நேத்திக்கு டேப்பை எடுக்கும்போது நானே பிடிச்சிருப்பேன்."

புருஷனுக்குத் தன்மேல் இருந்த பழி இறங்கியதும் குரல் ஏறிக்கொண்டது. "பார்த்தியா? காலையிலேர்ந்து என்னைக் கூண்டுல ஏத்தி வச்சே. நான் அப்பவே நினைச்சேன். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போடறதும் இதுவும் ஒண்ணா? தெரிஞ்ச ஆளைக் கூப்பிடணும்கறது இதுக்குத்தான். மூணு தடவை பூசியும் நிக்கலைன்னா வேலையில கோளாறு. வேலை தெரியாம இதுல கை வைக்கக்கூடாது."

 ஆறு மாதம், ஆறு மாதம் என்று மருமகள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மாமியார் மகனை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தகட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு தன் கையை மெல்ல அந்தத் தடத்தின்மேல் வைத்தாள். கட்டைவிரல் கட்டைவிரலில் உட்கார்ந்தது. மோதிர விரல் இருந்த இடத்தில் சிலிகானில் ஒரு பட்டைப் பள்ளம் இருந்தது. அவள் மோதிரம் அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அவள் முகம் ஒரு நிமிஷத்தில் சிறுத்துவிட்டது.

"அவ இல்லடா" என்றாள். "நான்."

"அத்தை, சும்மா இருங்க" என்றாள் மருமகள் அவசரமாக. "உங்களுக்கும் ஷவருக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ சும்மா இரு. தினம்தான் பிடிக்கறேன். பிடிக்காம ஸ்டூல்லேர்ந்து எழுந்திரிக்க முடியல. அதனாலதான் இது ஆடுதுன்னு சத்தியமா எனக்கு இப்பதான் உறைக்குது." மகன் பக்கம் திரும்பினாள். "வேலையில ஒரு கோளாறும் இல்ல. இத்தனை நாள் என்னைத் தாங்கிச்சே, அது வேலை. அவளை வேலை தெரியாதவன்னு சொல்ல நான் ஒருத்தி இருக்கேன். நீ எதுக்கு?"

இப்போது ஒரு கூச்சல் எழும் என்று மருமகள் எதிர்பார்த்தாள். முட்டி சரியாகிவிட்டது என்று சொன்னாயே என்பார்கள், டாக்டர் என்பார்கள், டிக்கெட் என்பார்கள். ஒன்றும் எழவில்லை. புருஷன் தன் கால் விரலைப் பார்த்தான். கூடத்தில் மாமனார் செய்தித்தாளை மடித்தார். மெதுவாக, மடிப்பு மடிப்பாக மடித்தார். ஆச்சரியப்பட்டவர் மடிக்கிற மாதிரி இல்லை அது.

"மாமா," என்றாள் மருமகள், "உங்களுக்குத் தெரியுமா?"

"தினம் வாளி வைக்கிற சத்தத்துக்கு அப்புறம், அது கிறீச்சுங்கற சத்தமும் கேக்குமேம்மா" என்றார் அவர்.

"அப்போ...?"

மாமனார் தொண்டையைச் செருமினார். மருமகளைப் பார்க்காமல், மனைவியையும் பார்க்காமல், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சுவரிடம் சொன்னார். "போன மாசமே நான் மககிட்ட சொல்லிட்டேன். அம்மாவால முடியாதுன்னு. சம்பந்தியம்மாதான் வராங்க. எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாள் நெருங்கட்டும், நீயே முடியலைன்னு சொல்லிடுவேன்னு நினைச்சோம்."

"டிக்கெட்?" என்றாள் மாமியார்.

"போடலைம்மா" என்றான் மகன்.

மாமியார் பேசாமல் இருந்து மருமகள் பார்த்ததே இல்லை. இப்போது அவள் ஸ்டூலை இழுத்து, குளியலறைக்குள் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மருமகளுக்குத்தான் வெடித்தது. "அப்போ இதைப் பிடிச்சு இழுக்கறது யாருன்னும் உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னை மூணு தடவை பூச விட்டீங்க. நான் கயிறு கட்டினேன், விசாரணை வச்சேன், லீவு போட்டேன். பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே மாமா, நியாயமா இது?"

"நீ ஆசையா செய்யறேன்னு..." என்று இழுத்தார் மாமனார்.

"ஆசையா? நகம் போச்சு மாமா!"

இரண்டு ஆண்களும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துபோனார்கள். ஒருவர் பால்கனிக்கு, ஒருவர் கடைக்கு. கடையில் வாங்க ஒன்றும் இல்லை. எந்த வீட்டிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒத்திப்போடுகிறவர்களுக்கு, கடைசியில் போக ஓரிடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

மருமகள் உள்ளே போனாள். மாமியாரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"துண்டெல்லாம் தைச்சு வச்சேனே," என்றாள் மாமியார் சுவரைப் பார்த்தபடி. "தைக்கறதைப் பார்த்துட்டே பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சாரே அந்த மனுஷன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? காலை நீட்ட முடியும் என்னால. பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டிடுவேன். நீட்டின காலை மடக்கி எழுந்திரிக்கத்தான் முடியல. பிள்ளையோட விழுந்துட்டேன்னா? அவர் சொன்னது தப்பில்ல. தெரியும் எனக்கு. ஆனாலும் என் பொண்ணு ஒரு மாசமா தினம் போன்ல, வாம்மா, வாம்மான்னு பேசிக்கிட்டு இருந்தாளே."

ஆறுதல் சொல்லும் பழக்கம் இந்த இரண்டு பேருக்குள் இல்லை. மருமகளுக்கு உண்மையைச் சொல்வதுதான் சுலபமாக இருந்தது.

"நீங்க போகணும்னு உங்களைவிட நான்தான் அத்தை அதிகமா ஆசைப்பட்டேன்."

"தெரியும்" என்றாள் மாமியார்.

"தெரியுமா?"

"படி ஏறினா கைதட்டற மருமக எந்த வீட்டுல இருக்கா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் வேண்டாமா? உன் மூஞ்சியைப் பார்க்காம, நீ போடற உப்பைத் திங்காம, ஒரு ஆறு மாசம்? பிள்ளைக்கு அடுத்தபடி அதுக்காகத்தான் கிளம்பினேன்."

மருமகளுக்குச் சுருக்கென்றது. கோபிக்கலாமா என்று பார்த்தாள். கோபிக்க வழியில்லை, அவ்வளவும் நியாயம். இந்த வீட்டில் அந்தப் பயணத்தை உண்மையென்று நம்பி ஏமாந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் இதே மூன்றடி இடத்தில் இருக்கிறார்கள். இனி ஆறு மாதமும், அதற்கப்புறமும், இந்த மூஞ்சிக்கு அந்த மூஞ்சிதான்.

மாமியார் எழுந்திருக்கப் பார்த்தாள். பழக்கத்தில் கை வால்வு பக்கம் போயிற்று. சட்டென்று அதை இழுத்துக்கொண்டு, மருமகள் பக்கம் நீட்டினாள். கேட்கவில்லை, நீட்டினாள், அவ்வளவுதான்.

மருமகள் காலை அகட்டி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். ஒரு மூச்சில் வரவில்லை. இரண்டாம் மூச்சில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. மனுஷி இத்தனை கனமா! வலியில் மாமியாரின் உதடு கோணிக்கொண்டது. அந்த வலியை வெளியே காட்டியது இந்த ஒரு மாதத்தில் இப்போதுதான்.

நின்ற பிறகும் மாமியார் கையை விடவில்லை. "இனிமே தினம் காலையில கூப்பிடுவேன்" என்றாள். "வருவியா?"

"வராம?" என்றாள் மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கு மட்டும் யாராவது டிக்கெட் போட்டு வச்சிருக்காங்களா?"